நூற்று நாற்பத்து மூன்று தடவை

பிப்ரவரி 3, காலை 5.40

அக்காவுக்கு,

நேற்று ஒரே நாளில் போனை 143 தடவை திறந்திருக்கிறேன். நான் சொல்லவில்லை, போனே கணக்குக் காட்டுகிறது. மொத்தம் ஐந்து மணி இருபது நிமிடம். படித்தது ஒரு மணி பத்து நிமிடம். அதிலும் பாதி நேரம், தேர்வுக்குப் படிப்பது எப்படி என்று ஒருவன் வீடியோவில் பேசியதைப் பார்த்தது.

தேர்வு ஏப்ரல் 12. இளநிலைப் பொறியாளர் வேலை. மூன்று தடவைதான் எழுத விடுவார்கள், இது மூன்றாவது. கோட்டைவிட்டால் கடைசி வரைக்கும் ஊரான் வீட்டு லிஃப்டுக்கு எண்ணெய் போட வேண்டியதுதான். அதனால்தான் இந்தப் பார்சல். போனை ஆஃப் செய்து அனுப்பியிருக்கிறேன். துணி அலமாரியில் வை. ஆன் பண்ணாதே. 13ஆம் தேதி திருப்பி அனுப்பு. நடுவில் நானே கெஞ்சினாலும் தராதே.

என்னிடம் வேறு போன் கிடையாது. அவசரம் என்றால் கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல், எண் பின்பக்கம் இருக்கிறது. சாப்பிட்டாயா என்பது அவசரம் இல்லை. போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது.

தம்பி

---

பிப்ரவரி 11

அன்புள்ள மோட்டாருக்கு,

பார்சலைப் பிரிச்சதும் முதல்ல கையில வந்தது உன் போன். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சு பார்சலை அப்படியே தரையில கொட்டித் தேடினேன். லெட்டர் அடியில கிடக்கு. சின்ன வயசுல கிடைச்ச மோட்டாரையெல்லாம் பிரிச்சுப் போட்டு அந்தப் பேரை வாங்கினவன், லெட்டரை மேல வைக்கணும்னு தெரியாத நீயெல்லாம் இன்ஜினியர்.

போன வருஷம் மாதிரி ஆகக் கூடாதுன்னு எழுதியிருக்கே. ரிசல்ட் வந்த அன்னிக்கு, "நீ ஓயாம போன் பண்ணினதாலதான் போச்சு"ன்னு சொன்னே. அன்னிலேர்ந்து நான் உன்னைக் கூப்பிடவே இல்லை. ஒன்பது மாசம் ஆச்சு. நீ கவனிச்சிருக்க மாட்டே. குறையா சொல்லலைடா, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

நேத்து எங்க கண்ணாடிக் கடைக்கு உன் வயசுல ஒருத்தர் வந்தார். போர்டுல எழுத்தைப் படிங்கன்னு சொன்னா, மூணாவது வரியில கை போனைத் தேடி பாக்கெட்டுக்குப் போகுது. சிரிப்பு வந்துடுச்சு, உன் ஞாபகம்.

போன் அலமாரியில பத்திரமா இருக்கு. சாப்பிட்டியான்னு நான் கேட்கலை.

அக்கா

---

பிப்ரவரி 24, மதியம் 1.15

அக்காவுக்கு,

பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது. முதல் வாரம் கை சும்மா இல்லை. லிஃப்ட் குழிக்குள் நின்று கேபிள் பார்க்கும்போதுகூடப் பாக்கெட்டைத் தடவினேன். எண்ணிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு முப்பது தடவை. இப்போது நான்கு. பழைய வினாத்தாள்களை அச்செடுத்துப் போடுகிறேன். இருநூற்றுக்கு 120 வருகிறது.

போன வருஷக் கதை பேச இப்போது நேரமில்லை. இனி தேர்வு முடிந்துதான் எழுதுவேன்.

தம்பி

---

ஏப்ரல் 7

அன்புள்ள மோட்டாருக்கு,

ஜெராக்ஸ் கடைக்காரர் நேத்தே உன்கிட்ட சொல்லியிருப்பார். எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் சொல்லணும் இல்லையா. திட்டுறதா இருந்தா பரீட்சை முடிஞ்சு திட்டு.

நான் போனை ஆன் பண்ணினேன். நேத்து மட்டும் இல்லை, ஞாயித்துக்கிழமை தவறாம, அஞ்சு நிமிஷம். நீ எழுதி ஒன்றரை மாசம் ஆச்சு. ஆன் பண்ணினா உன் போட்டோ வரும்னு முதல் தடவை பார்த்தேன். வந்தது ஒரு மோட்டார் படம். பரவாயில்லை, உன் மோட்டார்தானேன்னு அதையே பார்த்துட்டு வச்சிடுவேன். பூட்டைத் திறக்கலை, திறக்கவும் தெரியாது.

இந்த ஞாயிறு வேலை இருந்தது, அதனால திங்கட்கிழமை ஆன் பண்ணினேன். மோட்டாருக்கு மேலயே ஒரு மெசேஜ். தேர்வு மையம் மாறியிருக்கு, புது அனுமதிச் சீட்டை எட்டாம் தேதிக்குள்ள எடுக்கணும்னு. உடனே உன் லெட்டர் பின்பக்கம் இருந்த கடைக்காரர் நம்பருக்குக் கூப்பிட்டேன். அவர் மூணாவது தடவைதான் எடுத்தார்.

சிம்மைக் கழட்டாமலா அனுப்புவே? பரீட்சைக்குக் கொடுத்த நம்பர் அதுதானே, கழட்டி வச்சிருந்தா வேற யார் போன்லயாவது போட்டுப் பார்த்திருக்கலாம். கெட்டிக்காரன்தான் போ.

நல்லா எழுது.

அக்கா

---

மே 9, காலை 10.05

அக்காவுக்கு,

கட் ஆஃப் 118. நான் 131. போன வருஷம் 97. முதல் கட்டம் தாண்டியாகிவிட்டது. பட்டியலில் என் எண்ணை ஜெராக்ஸ் கடையில்தான் பார்த்தேன். முதலில் கடைக்காரர் சொன்னது, "உங்கக்காவுக்குச் சொல்லுங்க" என்பதுதான்.

பழைய மையத்துக்கு என்னோடு விண்ணப்பித்த ஒருவன் போயிருக்கிறான். கேட் பூட்டியிருந்ததாம். புது மையம் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். அவன் வந்தபோது நாங்கள் பாதி எழுதியிருந்தோம், உள்ளே விடவில்லை. சிம்மை அப்படியே விட்டது என் முட்டாள்தனம். நீ என் பேச்சை மீறாமல் இருந்திருந்தால் நானும் அந்த கேட்டில்தான் நின்றிருப்பேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. போன் வந்ததும் சிம் கம்பெனியிலிருந்து போன வருஷ அழைப்புப் பட்டியலை வாங்கினேன். தேர்வுக்கு முந்தின வாரம் நீ கூப்பிட்டது நான்கு தடவை. மொத்தம் பத்தொன்பது நிமிடம். மற்ற மணிக்கணக்கெல்லாம் யார் தின்றது என்று எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னது தப்பு. அந்தப் பத்தொன்பது நிமிடத்தில்தான் நான் யாரோடாவது பேசியிருக்கிறேன்.

இரண்டாம் கட்டம் ஜூலையில். இனி செய்யப் போவது:

1. படிக்கும்போது போன் டூல் பாக்ஸுக்குள். மாதிரித் தேர்வு எழுத மட்டும் வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போகும்.
2. இரண்டு பேருக்கு மட்டும் மணி அடிக்கும். ஒன்று தேர்வு அலுவலகம், மற்றது நீ.
3. ஞாயிறு காலை பத்து மணிக்கு நானே கூப்பிடுவேன். சாப்பிட்டாயா என்று கேள். பதில் சொல்கிறேன்.
4. போன் முகப்பில் படத்தை மாற்றி உனக்கும் அனுப்புகிறேன். மோட்டார் இருக்கும், பக்கத்தில் நானும் நிற்பேன்.

மோட்டார்