அரைஞாண்கயிற்றுக்கு அடியில்

மயிலாடும்பாறை,
9.12.2003

அன்பு மகன் ஈஸ்வரபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று இன்றைக்குத்தான் மனசார எழுத முடிகிறது, அந்த அஸ்ஸாம் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது. பயந்துவிடாதே, உன் அப்பா தேறிவிட்டார், இன்று காலை குழம்பில் உப்பு இல்லை என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

மழை விட்டதும் மலையடியில் ஆடு மேய்த்துவிட்டு வந்தவருக்குச் சில நாளில் காய்ச்சல் கண்டது. தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி. ஊசி போட்டோம், மலேரியாவா என்று ரத்தமும் பார்த்தோம், எதற்கும் கேட்கவில்லை. உள்ளங்கையில்கூடச் சிவப்பாகப் பொரிந்து, என்னையே யாரென்று கேட்டார் பார். உடனே கார் பிடித்துத் தேனிக்குக் கொண்டுபோனேன். அங்கே சின்ன வயசுப் பெண் டாக்டர், உடம்பில் எங்காவது கருப்பாகப் புண் இருக்கிறதா என்று கேட்டார். அந்த மயக்கத்திலும் உன் அப்பாவுக்கு வெட்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது, வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா" என்கிறார். நான் விடுவேனா? "இவுக சொல்றத நம்பாதீக டாக்டரம்மா, இடுப்புல கயிறு அறுத்த புண்ணுன்னு மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டிருந்தாக" என்று சொல்லி, நானே வேட்டியைத் தளர்த்தி அரைஞாண்கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். அடியில் பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. கயிறு அறுத்ததாவது ஒன்றாவது, உண்ணி கடித்த இடமாம் அது, காய்ச்சலும் அதனால்தானாம்! ஆட்டிலிருந்து ஒட்டியதை, ஆட்டுக்குச் செய்கிற மாதிரியே பிய்த்து நகத்தில் நசுக்கிப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார் மனுஷன். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும், உயிருக்கே ஆபத்து என்றார்.

நீயும் அவர் பிள்ளைதானே, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். காட்டுக்குள் டியூட்டிக்குப் போய் வந்தால் உண்ணி ஒட்டுகிறது, பீடிக் கங்கு வைத்து எடுக்கிறோம் என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தாய். அந்த வைத்தியம் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடு, நசுக்காதே, சோப்புப் போட்டுக் கழுவு. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தால் கேம்ப் டாக்டரிடம் உண்ணி கடித்ததை முதலில் சொல், அவர் கேட்கிற இடத்தையெல்லாம் காட்டு. "வெக்கப்படாதலேன்னு எழுது" என்று உன் அப்பா பக்கத்தில் இருந்து சொல்கிறார், யார் சொல்வது பார்.

வேலப்பர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார், நல்லா இருப்பா. ஒன்று மட்டும் மறக்காதே. நீ புறப்பட்டபோது நான் இடுப்பில் கட்டிவிட்ட கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. தினமும் குளிக்கும்போது அதை ஒரு விரல் மேலே தள்ளிப் பார். உன் அப்பாவுக்குத் தூக்கிப் பார்க்க நான் இருந்தேன், அங்கே உனக்கு நீதான் இருக்கிறாய்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
சுப்புத்தாய்