கட்டத்தில் இரண்டு பெயர்கள்

அன்புள்ள மூத்தவளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் இளையவளின் இருமலும் குறைந்தனவா?

பதற்றப்படாதே. இந்த நாட்டு வேலை அனுமதிப் படிவத்தில் 'மனைவி' என்ற கட்டத்தில், எண் போட்டு உங்கள் இருவர் பெயரையும் எழுதிவிட்டேன். குமாஸ்தா சிரித்தார்.

"என்ன பெரியவரே, ரெண்டு பேரா? இங்க இதுக்கு ஏழு வருஷம் ஜெயில்ல இருக்கணும்."

"ரெண்டாவது பேரு கொழுந்தியாங்க," என்றேன். பொய்யில்லை, உன் தங்கைதானே. அவள் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தேன். ஸ்கேல் நழுவிக் கோடு கோணிவிட்டது. பெயர் இன்னும் படிக்கும்படி இருக்கிறது. அதுதான் உறங்கவிடவில்லை.

இனி அவள் 'என்னங்க' என்று எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு முன் கூப்பிட்டதுபோல் 'அத்தான்' என்றே எழுதட்டும். நாம் மூவரும் இருக்கும் படத்தை அனுப்பாதே, நீங்கள் இருவரும் இருப்பது போதும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். நான் அடித்ததை அவளிடம் சொல்லிவிடாதே.

உன் கணவன்