சந்தின் அகலம் பதினொன்றே முக்கால் அடி

சின்னவளே,

சோறு மூடி வைத்திருக்கிறேன், முட்டையை நீயே பொரித்துக்கொள். கிளம்பும்போது சாவியை மேல்வீட்டு அத்தையிடம் கொடுத்துவிடு.

நம் சந்தில் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று நீ எழுதிய ஆட்சேபணை மனுவை விடியுமுன் எழுந்து படித்தேன். முப்பது வருஷமாகச் சுவர் எழுப்புகிறேன். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ யோசித்திருக்கிறாய். ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் ஒரு வரி சாயவில்லை.

ஒரே ஒரு தப்பு. கட்டடம் கட்டுகிறவர்கள் கொடுத்த வரைபடத்தில் சந்து இருபது அடி, நீ பதினான்கு என்கிறாய். அம்மாவின் தையல் டேப்பால் சுவருக்குச் சுவர் அளந்திருப்பாய். திறந்த சாக்கடையைக் கழிக்க வேண்டாமா? அதன் மேல் வண்டி ஓடாது. விடிந்ததும் என் டேப்போடு போய் மூன்று இடத்தில் அளந்தேன். பதினொன்றே முக்கால்தான். அடித்துத் திருத்திவிட்டு, மூன்று மணிக்குள் மனுவைக் கொடுத்துவிடு. இன்றுதான் கடைசி நாள்.

நேற்று, "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதடி"ன்னு கத்திட்டேன். எட்டு மாத வேலை கைவிட்டுப் போகிறதே என்கிற ஆத்திரம். அதற்காக நீ எழுதினது பொய்யாகிவிடுமா?

அப்பா

மறந்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் 'கொத்தனார்' என்று எழுதி, பக்கத்திலேயே 'இதே கட்டடத்துக்கு வேலைக்குப் பேசப்பட்டவர்' என்றும் சேர்த்திருக்கிறேன்.