கைக்குழந்தையோடு வரலாமா

மீனாட்சிபுரம்

அன்புள்ள ஜானவிக்கு,

யோகப்பிரியா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நார்வே குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

நீ சொல்லி நான் விண்ணப்பித்த உங்கள் ஊர்க் கோடைப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை என்ன செய்கிறது என்று பல நாட்டு மாணவர்களோடு ஆறு வாரம் படிக்கலாம். பாப்பா பிறந்தபின் நின்றுபோன என் ஆராய்ச்சிக்கு வேறு வழியும் இல்லை. படிப்பின் பெயர் விண்வெளி வானிலை என்றதும் பக்கத்து வீட்டு மருதாத்தாள் அக்கா, "அப்ப இந்த வருசம் மழை எப்படின்னு வந்து சொல்லீரு கண்ணு" என்றார்.

ஆனால் பாப்பா இன்னும் என்னிடம்தான் பால் குடிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'வர இயலாது' என்று எழுதியே வைத்துவிட்டேன்.

அதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மறுநாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது கையில் ஒரு கொத்து வேப்பிலை. அவரே அரைத்தார். "கன்னுக்குட்டியப் பிரிச்சுக் கட்டறவனுக்கு இது தெரியாதா அம்மிணி? பூசிக்க. ரெண்டு நாள்ல மறந்துருவா" என்றார்.

பூசிக்கொண்டேன். பாப்பா வாய் வைத்தாள், முகம் சுளித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தக் கசப்போடேயே குடித்தாள். எனக்கு அழுகை. அவருக்குச் சிரிப்பு. "உன்ற புள்ளதான, புடிச்சத உடமாட்டா" என்றவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இன்று அரசாங்க விண்ணப்பமெல்லாம் போட்டுத் தரும் அட்சயா சென்டருக்குப் போய்த் தனக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். கோயமுத்தூர்க் கல்யாணத்துக்குப் போனால்கூடச் சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிடுகிற மனுஷர். கறவையைப் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி பார்த்துக்கொள்வானாம். "நீ பாட்டுக்குப் படி. புள்ளைக்குப் பசிச்சாத் தூக்கிட்டு வாரேன்" என்கிறார்.

ஜானவி, கைக்குழந்தையோடு வரலாமா என்று அவர்களிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் கிடைத்த இடமும் போய்விடுமோ என்று பயம். நீ அங்கேயே இருப்பவள், எனக்காகக் கேட்டுச் சொல். மூன்று பேர் படுக்க ஓர் அறை, வகுப்புக்கு வெளியே அவர் உட்கார ஒரு நாற்காலி, அவ்வளவு போதும்.

முடியாது என்றால் எனக்கு மட்டும் சொல். அவரிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்த வெயிலில் எங்கே தேடினாரோ, இரண்டு கம்பளிக் குல்லா வாங்கி வந்து, ஒன்றைப் பாப்பாவுக்குப் போட்டுவிட்டு, மற்றதைத் தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வாயால் நல்ல சேதி வரட்டும்.

பிரியமுடன்,
யோகப்பிரியா மாரப்பன்