இடப்பக்கம் திறக்கும் கில்ட்

சவுத் யூஸ்ட் தீவு,
செப்டம்பர் 14, செவ்வாய்

அன்பு மகன் லாக்லனுக்கு,

இங்கே நானும் கோழிகளும் நலம். அடுத்த வரியில் உன் நலத்தைக் கேட்பதுதான் முறை; கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் ஜூலையில் நீ எழுதிய "நான் நலம்" என்பதற்கு என்ன மதிப்பு என்று போன சனிக்கிழமை தெரிந்துகொண்டேன். ஆகவே அந்தக் கேள்வியைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். அதுவரை நான் சொல்வதைக் கேள். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், நான் பேசிய அசட்டுப் பேச்சு உட்பட. மறைத்து எழுதும் பழக்கம் இந்த வீட்டில் உன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது.

தினமும் உடுத்த ஒரு கில்ட் வேண்டும், எடை குறைவாக இருக்கட்டும், மெஷினில் துவைக்கும்படி இருக்கட்டும், ஓரத்தில் குஞ்சம் வேண்டாம், முன்பக்கம் குத்தும் ஊசி வேண்டாம், பக்கிள் இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள், தையல் கடை இஷபெலிடம் என் அளவு இருக்கிறது, துணியை மட்டும் நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் அம்மா என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தேன். உன் அப்பா ரானல்டின் கில்ட், இடுப்பில் சுற்றினால் முழங்கால் வரை மடிப்பு மடிப்பாகத் தொங்கும் எட்டு கஜம் கம்பளி. ஊரார் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அதைத்தான் உடுத்தினார். முப்பத்தெட்டு வருஷத்தில் அது ஒருமுறை கூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. பிரஷ் போட்டுக் காற்றில் தொங்கவிட்டால் போதும். அன்றாடம் துவைக்க வேண்டிய கில்ட் என்றால், அதை உடுத்துகிறவன் அன்றாடம் என்ன செய்கிறான் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சிரித்தேன்.

சிரிக்கக் காரணமும் இருந்தது. நம் பக்கத்து வீட்டு நீல் மெக்ஃபீ கிளாஸ்கோவிலிருந்து அப்படி ஒன்று வாங்கி வந்தான். பாலியெஸ்டர் கலந்தது, மேசை விரிப்பு கனம் கூட இருக்காது. அதை உடுத்திக்கொண்டு படகு ஆசீர்வாதத்துக்குத் துறைக்கு வந்து முன்வரிசையில் நின்றான். பாதிரியார் தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கவும் தெற்கிலிருந்து ஒரு காற்று அடித்து அவன் கில்ட்டை மேலே தூக்கியது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார், நாங்கள் யாரும் மூடவில்லை. அவனோ வெட்கமே இல்லாமல், "நல்லா காத்தோட்டமா இருக்கு, யூஃபீமியாக்கா!" என்றான். "உனக்கு மட்டுமா, ஊருக்கே காத்தோட்டமா இருக்குடா. கைய கீழ வச்சுப் பிடி" என்றேன். இந்தக் கூத்துக்குப் பிறகு மூன்றாம் நாள்தான் உன் கடிதம் வந்தது.

பக்கிள் இடப்பக்கம் என்றதுதான் எனக்கு உச்சந்தலையில் ஏறியது. ஆண்பிள்ளையின் கில்ட் வலப்பக்கம் மூடும், பெண்களுடையது இடப்பக்கம். முதல் நற்கருணை வாங்காத குழந்தைக்கும் இங்கே அது தெரியும். பூமியின் மறுகோடியில், டார்வின் துறைமுகத்தில் ஏழு வருஷம் வெயிலில் நின்று உன் மூளை உருகிவிட்டது என்று முடிவு கட்டினேன். இஷபெல் தையல் கடையில் நாலு பேர் கேட்க, "பூமிக்கு அடிப்பக்கம் போனா எல்லாம் தலைகீழ் போல. என் மகன் பாவாடை கேக்கிறான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய ஆர்டர் தாளில் அவள் எழுதியிருந்த "இடம்" என்பதை அடித்துவிட்டு "வலம்" என்று என் கையால் எழுதினேன். கனமான கம்பளி, குஞ்சம், ஊசி எல்லாவற்றையும் சேர்த்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன். இஷபெல் தாளை வாங்கிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் கத்தரிக்கோலை ஓரமாக வைப்பது நல்லதற்கு அல்ல என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவளே வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "கோபப்படாதீங்க, யூஃபீமியாம்மா. வெட்டின துணிய ஒட்ட முடியாது. அதான் வெட்டுறதுக்கு முந்தி லாக்லனுக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன்" என்றாள். நான் கையெழுத்துப் போட்ட பிறகும் உன்னைக் கேட்பானேன் என்றேன். "உங்க கையெழுத்து அழகுதாம்மா. ஆனா கால் அவனோடதாச்சே" என்றாள். பிறகு சொன்னாள். ஜூன் மாதம் கப்பல் சரக்கு சரிந்து உன் இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. வெளியே இரும்புச் சட்டம் வைத்து எலும்புக்குள் கம்பிகள் இறக்கியிருக்கிறார்கள். கால்சட்டை ஏறாது. கம்பி நுழைந்த இடங்களில் நீர் கசிகிறது, காலையும் மாலையும் கழுவ வேண்டும், அதனால் இடப்பக்கம் திறக்க வேண்டும், கனம் கூடாது, குஞ்சமும் ஊசியும் கம்பியில் மாட்டும். நீ கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் அத்தனைக்கும் ஒரு கேலி வைத்திருந்தேன். அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவளிடம் சொன்னாயாம். உன் அப்பாவைக் கடலிலிருந்து எடுத்து வந்தபோது துறையில் நின்று அடையாளம் சொன்னவள் நான். என்னைப் பயமுறுத்த உன் தொடை போதாது. தையற்காரிக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வலி.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே, கடையில் சிரித்த நாலு பேரையும் நிறுத்தி, நான் சொன்னது முட்டாள்தனம் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற நீல் முந்திக்கொண்டான். "அப்போ என் கில்ட்டும் நல்லதுதானே, அக்கா?" என்றான். "உன்னுது இல்லடா" என்றேன்.

இப்போது துணி. நான் பரிசோதிக்காமல் எதையும் அனுப்புகிறவள் அல்ல. இஷபெலிடம் மெல்லிய கம்பளித் துண்டு ஒன்றும் நீலுடையது போன்ற பாலியெஸ்டர் கலப்புத் துணித் துண்டு ஒன்றும் வாங்கி, இரண்டிலும் பீட்ரூட் சாற்றையும் ஆட்டுக் குழம்பையும் ஊற்றி, மெஷினில் ஐந்து முறை போட்டேன். கம்பளி சுருங்கிப் பூனைப் படுக்கை போல் ஆனது. மற்றது கறையும் இல்லாமல், மடிப்பும் கலையாமல், ஒன்றுமே நடக்காதது போல் வெளியே வந்தது. வெட்கம் கெட்ட துணி! கெட்டில் கொதிப்பதற்குள் காய்ந்தும்விட்டது. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. நம் குலத்துச் சிவப்புக் கட்டம் வேண்டாம், நம் குலத்தார் வேட்டைக்கு உடுத்தும் பச்சைக் கட்டத்தில் எடுத்திருக்கிறேன். கசிவு வெளியே தெரியாது. ஒன்று துவைக்கையில் ஒன்று உடுத்த இரண்டு தைக்கிறாள். தாளில் "வலம்" என்பதை அடித்து, "இடம்" என்று நானே மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் ஏன் திறக்கிறது என்று எவனாவது கேட்டால், என் அம்மா சொன்னாள் என்று சொல்.

உட்காரும்போது பின்மடிப்பைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு உட்கார். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைக்காதே, இந்தக் கில்ட் கம்பளியல்ல, உருகும். கம்பியைக் கையால் தொடாதே. உன் அப்பாவின் கில்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றில் போட்டிருக்கிறேன். இரும்பு கழன்றதும் அதை உடுத்த நீ இங்கே வந்தாக வேண்டும். அதைத் தபாலில் அனுப்பமாட்டேன்.

தூய மிக்கேல் உன்னைக் காக்கட்டும், உன் எலும்பு நேராகக் கூடட்டும். தினமும் உன் இடது காலுக்கென்று தனியாக ஒரு ஜெபமாலை சொல்கிறேன்.

இப்போது முறைப்படி கேட்கிறேன். நீ நலமா? உண்மையை எழுது.

உன் அம்மா,
யூஃபீமியா மெக்இன்டயர்