சுவரை விட்டு ஓடியவர்கள்

நேஃபெல்ஸ்
3 ஏப்ரல் 1968, புதன் இரவு

அன்புள்ள பால்ஸ் அண்ணாவுக்கு,

கத்ரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஈஸ்டர் இரவு வருவதாகவும், கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கும்படியும் நீ எழுதிய கடிதம் என் தோழி ஹெடி வழியாகக் கிடைத்தது. படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ வர வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் என்னைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். "அண்ணன் லெட்டர் போடுறானாம்மா? எங்க இருக்கான்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "பட்டாளத்துக்குக் கூப்பிட்டா வராம ஓடுனவனுக்கு ஜெயில்தான். மறைக்கிறவங்களுக்கும் தொல்லை," என்றார். அன்றிலிருந்து அவர் மிதிவண்டி மணி கேட்டாலே சந்துக்குள் ஒதுங்கிவிடுகிறேன்.

அவரைவிட அப்பாவிடம்தான் பயம். வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஞாயிறன்று சூப் குடிக்கும்போது அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அவன் இந்த வாசல்ல கால் வச்சா நானே கூட்டிட்டுப் போய் ஒப்படைப்பேன்," என்றார் அப்பா. கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார். சொன்னதைச் செய்பவர் என்று உனக்கே தெரியும்.

நாளை போர் நினைவு நாள், ஊர் எல்லைச் சுவரில் நம் முன்னோர் எதிரியைத் தடுத்து நின்ற அந்தப் பழைய போருக்கு. வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும் என்று அப்பா போகிறார். வழக்கமாக உன்னை அழைத்துப் போவார். இந்த முறை என்னை வரச் சொல்லியிருக்கிறார். பதினொரு நினைவுக் கல்லுக்கும் நடக்க வேண்டும். வழியில் தபால் பெட்டியைப் பார்த்தால் இதைப் போட்டுவிடுவேன். மிதிவண்டி விளக்கைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். வெளிச்சம் மங்குகிறது.

வராதே அண்ணா. இருக்கும் இடத்திலேயே இரு.

உன் தங்கை
கத்ரி


4 ஏப்ரல், வியாழன் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று எழுதியதை அனுப்ப முடியவில்லை. அப்பா வழி முழுக்க என் கையை விடவில்லை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

காலையில் பனியும் மழையும் கலந்து பெய்தது. அப்பா ஒவ்வொரு கல்லருகிலும் தொப்பியைக் கழற்றினார், உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தார், என்னையும் வைக்கச் சொன்னார். கல் சில்லென்று இருந்தது. உன்னிடமும் அப்படித்தான் சொல்வாராமே, அம்மா சொன்னாள்.

பக்கத்து வீட்டு மெல்க் எங்களுக்கு முன்னால் நடந்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "என்ன கஸ்பர், இந்த வருசம் பாவாடை கட்டுன பட்டாளமா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு போரைப் பற்றிய பழைய சாசனத்தை வாசித்தார்கள். அதில் செத்தவர்களின் பெயர்களை வாசித்து முடிக்கும்வரை எல்லோரும் தலை குனிந்து நின்றோம். முடிந்ததும் மெல்க் மறுபடி திரும்பினார். "பாத்தியா, ஒருத்தன்கூட ஓடல. நம்ம ரத்தம் அப்படி. சில வீட்லதான் எப்படியோ தண்ணி கலந்துருச்சு," என்றார்.

அப்பா தொப்பியைத் தலையில் வைத்தார். "ஓடுனாங்க மெல்க். சுவத்த விட்டுட்டு மலை மேல ஓடுனாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கும் தெரியும். நீதான் வருசா வருசம் முடிஞ்சதும் திங்கிற சாசேஜ நெனச்சுக்கிட்டே நிக்கிற," என்றார்.

இப்போதும் சிரித்தார்கள். மெல்க்குக்கு முகம் சிவந்துவிட்டது. "திரும்பி வந்து ஜெயிச்சாங்கல்ல?" என்றார்.

"வந்தாங்க. வந்ததுக்குத்தான் நாம நடக்குறோம்," என்றார் அப்பா.

கடைசிக் கல் முடிந்ததும் கடை வீதியில் எப்போதும் போல ஒரு பாதியில் பாதாமும் மறுபாதியில் பிளம்ஸும் வைத்த பேஸ்ட்ரி ஒன்று வாங்கினார். சாயங்காலம் நடுவில் வெட்டி, பாதாம் வைத்த பாதியை எனக்குத் தந்தார். பிளம்ஸ் பாதியைத் தாளில் சுற்றினார். அது யாருடைய பாதி என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

பிறகு அப்பா எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து கை கழுவிக்கொண்டே, "கதவு கீச்சு கீச்சுன்னு கத்துது, எண்ணெ விட்டிருக்கேன். பூட்டு துருப் புடிச்சுப்போச்சு. ஈஸ்டர் வரைக்கும் பூட்டு வேண்டாம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன் என்றேன். அப்போது அடுப்பில் நெருப்பு இருந்ததா என்று இப்போது நினைவில்லை. காலையில் சாம்பல் அள்ளுபவர் அப்பாதான்.

உன்னை ஒப்படைக்கத்தான் கதவைத் திறந்து வைத்தாரா, வேறு எதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. அவர்கள் தூங்கியபின் போய்ப் பார்த்தேன். கதவு சத்தமே போடவில்லை. உள்ளே அலமாரியில் பேஸ்ட்ரிப் பொட்டலம் இருந்தது. பக்கத்தில் அவருடைய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, புதிது. கிறிஸ்துமஸுக்கு அம்மா பின்னிக் கொடுத்தது. அவர் இன்னும் ஒருமுறைகூடப் போடாதது.

பேஸ்ட்ரி பத்து நாள் தாங்காது அண்ணா. காலுறை தாங்கும். வந்தால் கால்வாய்ப் பக்கமாகவே வா, போலீஸ்காரர் தெரு வழியாகத்தான் சுற்றுகிறார். உன் கால் நனையாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன்
கத்ரி