ஈரல் விழுது இல்லாத மாதம்

ஜனவரி 12, திங்கள்

வேனுக்குப் புது டயர். எலிப்பொறிச் சரக்கு வந்தது, ஒரு பெட்டி நசுங்கி. திருப்பி அனுப்ப வேண்டும்.

மாலையில் ட்ரானவாங் முதியோர் இல்லத்து நிர்வாகி மாரியான் கூப்பிட்டார். போன வருஷம் பூச்சி ஒழிப்புக்கு நான் சொன்ன விலையைக் கேட்டு முகம் சுளித்துவிட்டு, ஆர்ஹுஸ் நகரத்திலிருந்து பெரிய கம்பெனியைக் கூட்டிவந்த அதே மாரியான்.

"எறும்புத் தொல்லை, விபேகா."

"ஏன், அவங்க என்ன ஆனாங்க?"

"மருந்து அடிச்சாங்க. சமையலறையில மட்டும் இருந்தது. இப்ப கிழக்குப் பகுதி முழுக்க இருக்கு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வியாபாரத்தில் சிரிப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும்.

ஜனவரி 13

நினைத்தது சரி. மஞ்சள் எறும்பு, எள்ளில் பாதி. சுவருக்குள் வெந்நீர்க் குழாயை ஒட்டிக் குடியிருக்கிறது. இதன்மேல் மருந்து அடித்தால் ராணிகள் பயந்து ஆளுக்கொரு பக்கம் போய்த் தனிக்குடித்தனம் வைத்துவிடும். ஒரு வீட்டை அடித்துப் பத்து வீடாக்கியிருக்கிறார்கள்.

நேற்று ஒருவர் கால்புண் கட்டுக்குள் எறும்பு. நகராட்சி கெடு வைத்துவிட்டது. மார்ச் 10-க்குள் ஒழியாவிட்டால் கிழக்குப் பகுதியை மூடிச் சுவரை உடைப்பார்கள். அங்கே இருப்பவர்களை எங்கெங்கு இடம் கிடைக்கிறதோ அங்கங்கே அனுப்புவார்கள்.

போதில் என்ற அம்மாள் நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் வில்லி பக்கத்து அறை. "அவருக்கு ஞாபகம் போயிட்டுது. காலையில எந்திரிச்சதும் என்னைத்தான் தேடுவாரு. வேற ஊர்ல கொண்டுபோய் விட்டா யாரத் தேடுவாரு?"

வாடிக்கையாளருக்கு நான் சத்தியம் செய்வதில்லை. "பாக்கலாம்" என்றேன். வேனில் உட்கார்ந்தபிறகும் அந்தக் கை என் கையில் இருந்தது போலிருந்தது.

ஜனவரி 20

தீனி வைத்தாயிற்று. தேனில் குழைத்த மெதுவான விஷம். எறும்பு மட்டும் நுழையும் ஓட்டை போட்ட மூடிய டப்பாக்கள். தின்றது உடனே சாகாது, வீட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கும் ஊட்டும். அதுதான் கணக்கு. ஆறு நாளாகிறது. ஒன்றுகூடத் தொடவில்லை.

ஜனவரி 23

தொடவில்லை. சரக்கு பழசா? இல்லையே, போன மாதம் வாங்கியதுதானே. நான்தான் பழசாகிவிட்டேனா?

ஜனவரி 26

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எல்லாத் தட்டிலும் கறுப்பு ரொட்டி, அதன்மேல் விரல் தடிமனுக்கு ஈரல் விழுது, ஊறவைத்த பீட்ரூட். விழுது, சமையல்காரி பன்றி ஈரலை அரைத்துச் சுட்டு அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது. ஆளாளுக்குப் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துணியில் சுற்றி அறைக்குக் கொண்டுபோகிறார்கள், சாயங்காலத்துக்கு. தலையணைக்கடியில், டிராயரில், பூச்சாடிக்குப் பின்னால். வில்லி ஜன்னல் மேடையில் வைக்கிறார், நாய்க்கு. நாய் செத்துப் பல வருஷமாகிறது.

சந்தையில் எலிப்பொறி கூவி விற்று மேலே வந்தவள் நான். எதிர்க்கடையில் சுடச்சுட ஈரல் விற்கும்போது என் கடையில் தேனை எவன் வாங்குவான்?

எதிர்க்கடையை மூட வேண்டும். அதன் சரக்கை நான் விற்க வேண்டும்.

ஜனவரி 28

இல்லத்துக்காரர்கள் கூட்டம். ஒரு மாதம் யாருக்கும் ஈரல் விழுது கிடையாது, அறைக்குள் ஒரு துணுக்கு ரொட்டிகூடப் போகக்கூடாது என்றேன். செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

தலைவர் ஐனார், தொண்ணூறு தாண்டியவர், ஒரு காலத்தில் பன்றி வெட்டும் ஆலையில் மேஸ்திரி. "ஜெர்மன்காரன் ஊரைப் புடிச்சிருந்தப்பகூட எங்க தட்டுல இது இருந்துச்சு. இப்ப எறும்புக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினியா?"

"சீஸ் இருக்கு. மீன் இருக்கு. முட்டை இருக்கு."

"ஆஸ்பத்திரியிலயும்தான் இருக்கு."

யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. அப்போது போதில் எழுந்தார். "எல்லாரும் தின்னுங்க. மார்ச்சுல நானும் வில்லியும் ஆளுக்கொரு ஊர்ல இருந்துக்கிட்டு உங்கள நெனச்சுக்கறோம்."

ஐனார் நெடுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நீயும் தெனம் மத்தியானம் எங்களோட உக்காந்து இதே சாப்பாட்டைத்தான் சாப்பிடணும்மா. வெளிய போய் நீ மட்டும் தின்னா எங்களுக்கெப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை வீட்ல சாப்பிட்டுக்கறேனே" என்று இழுத்தேன்.

"எறும்புக்கு ஞாயித்துக்கிழமை லீவா?"

கை குலுக்கினோம். இந்த ஆளிடம் நல்லவேளை நான் சரக்கு வாங்கியதில்லை.

பிப்ரவரி 3

சமையல்காரியின் ஈரல் விழுதையே வாங்கி, விஷம் குழைத்து டப்பாக்களில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் வரிசை. பெண் எடுக்க வந்த கூட்டம் மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றேன். நசுக்கப் போன பணிப்பெண்ணைத் தடுத்தேன் – விடு, போகட்டும், வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

மத்தியானம் முட்டை.

பிப்ரவரி 4

முட்டை.

பிப்ரவரி 13, வெள்ளி

வரிசை இளைத்துக்கொண்டே வந்தது. இன்றைக்கு ஒரு புது வரிசை, என் டப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போகிறது. பின்னாலேயே போனேன். நடை, கதவிடுக்கு, ஐனாரின் அறை, கட்டிலுக்கடியில் அக்கார்டியன் பெட்டி.

"திறங்க."

"அதுல வாத்தியம்தான் இருக்கு."

"எறும்பு என்ன பாட்டு கேக்கவா வருது?"

திறந்தார். ஈரல் விழுது டப்பா, பாதி காலி. மகள் கொண்டுவந்ததாம். வாசலில் போதில் நின்றிருந்தார். டப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் ஐனாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 14

ஐனார் காவலாளியாகிவிட்டார். சாப்பாட்டு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே போகிற எல்லார் பையையும் சோதிக்கிறார். மாரியான் பையையும். "திருடனுக்குத்தாம்மா திருட்டு தெரியும்" என்கிறார் என்னிடம்.

வில்லிக்குப் போதில் வெறும் துணியை மடித்துக் கொடுக்கிறார். அவர் அதை ஜன்னல் மேடையில் வைக்கிறார். அது போதும் அவருக்கு.

பிப்ரவரி 26

இரண்டு டப்பாவில் மட்டும் நடமாட்டம்.

மார்ச் 2

ஒன்றுமில்லை. சொல்லப் பயமாக இருக்கிறது. இன்னும் டப்பாக்களை எடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நகராட்சிப் பெண் வந்தார். நான் கேட்டுக்கொண்டபடி முந்தைய நாளே அறைக்கு அறை அவர் கையாலேயே ஈரல் விழுது பூசிய ரொட்டித் துண்டு வைத்துப் பூட்டியிருந்தார்; எல்லாரும் ராத்திரி சாப்பாட்டு அறையில் படுத்துக்கொண்டார்கள். இன்று ஒவ்வொரு கதவாகத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடைசி அறைக்குப் பிறகு கண்ணாடியைப் பையில் போட்டார். "மூட வேண்டியதில்லை."

மாரியான் அழுதுவிட்டார். ஐனார் அந்தச் சோதனை ரொட்டி இருந்த தட்டைப் பார்த்து, "இது இனிமே யாருக்காவது வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாட்சியத்தைத் தின்றார்.

சாயங்காலம் ஆர்ஹுஸ் கம்பெனியிலிருந்து போன். அவர்களிடம் இன்னும் நாலு இல்லத்தில் இதே தொல்லையாம், நான் வந்து பார்க்க முடியுமா என்று. நான் சொன்ன விலை எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சரி என்றார்கள்.

மார்ச் 12, வியாழன்

போக வேண்டிய அவசியமில்லை. இருந்தும் மத்தியானம் போய் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். விரல் தடிமன், பீட்ரூட்டோடு. எல்லாரும் தின்றோம்.

கிளம்பும்போது வில்லியின் அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் மேடையில் துணி விரிந்திருந்தது, அதில் பாதி ரொட்டி, ஈரல் விழுதின் ஓரம் காய்ந்துபோய். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய் வரல போல" என்றார்.

போதில் அவர் காலருக்குப் பொத்தான் போட்டுவிட்டபடி சொன்னார். "வரல. யாருமே வரல."